குளோவர் நோய்

குளோவர் நோய் என்பது நிலத்தடிக் குளோவர் என்னும் தீவனப் பயிரை மேயும் செம்மறியாடுகளில் ஏற்படும் இனப்பெருக்கக் கோளாறு ஆகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940களின் தொடக்கத்தில் இது பெருமளவில் காணப்பட்டது. 1946ஆம் ஆண்டு பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய மூவரும் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ ஆய்விதழில் இதனை முதன்முறையாக விரிவாக விவரித்தனர். நோய் என்று அழைக்கப்பட்டாலும் இது தொற்றுநோய் அன்று. பயிரில் இயற்கையாகவே உள்ள சில வேதிப்பொருட்கள் ஆட்டின் உடலில் பெண்பால் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதே இதற்குக் காரணம். தாவரங்களில் காணப்படும் இத்தகைய பொருட்கள் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் எனப்படுகின்றன. அவை உயிருள்ள விலங்குகளின் இனப்பெருக்கத்தைப் பெரிய அளவில் பாதிக்கக்கூடும் என்பது தெளிவாக அறியப்பட்ட முதல் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

பயிரும் நிலமும்

நிலத்தடிக் குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓராண்டு வாழும் சிறு செடி. இதன் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள். பூத்த பின் காம்பு கீழ்நோக்கி வளைந்து, காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. நிலக்கடலையைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. ஆனால் நிலக்கடலையை நாம் தோண்டி எடுத்துவிடுகிறோம். குளோவரின் விதையோ மண்ணிலேயே தங்கி, அடுத்த மழைக்குத் தானே முளைக்கிறது. விதையின் ஒரு பகுதி கடினத் தோலுடன் பல ஆண்டுகள் முளைக்காமல் கிடக்கவும் வல்லது. உழவருக்கு வரமாக அமைந்த இப்பண்பே பின்னர் பெருந்தலைவலியாகவும் ஆயிற்று.

இச்செடி ஐரோப்பியக் குடியேற்றத்துடன் தற்செயலாக ஆஸ்திரேலியாவை அடைந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் பகுதியைச் சேர்ந்த ஏமஸ் ஹோவர்ட் என்பவர் 1889இல் அதன் தீவன மதிப்பைக் கண்டுகொண்டார். 1906 முதல் அதைப் பரப்புவதில் முனைந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதி மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. பாஸ்பரசும் நைதரசனும் மிகக் குறைந்தது. அங்கே சூப்பர் பாஸ்பேட் உரமிட்டு இக்குளோவரை விதைத்தபோது, அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைதரசனை மண்ணில் சேர்த்தது. வறண்ட நிலம் மேய்ச்சல் நிலமாயிற்று. ஓர் ஏக்கரில் மேயக்கூடிய ஆடுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. இம்மாற்றத்தில் அங்கு மிகுதியாகப் பயிரிடப்பட்ட வகை துவால்கனப் என்பது. விரைவில் பூத்துவிடும் இயல்பால் குறுகிய மழைக்காலத்துக்கு அது ஏற்றதாயிருந்தது.

எனவே, பின்னர் இதே பயிரின் மீது ஐயம் எழுந்தபோது அதை ஏற்பது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. பயிரை நீக்கினால் மேய்ச்சல் நிலமே இல்லை. வைத்திருந்தால் குட்டி இல்லை.

அறிகுறிகள்

பாதிக்கப்பட்ட மந்தைகளில் முதலில் தெரிந்தது குட்டிகளின் எண்ணிக்கை குறைவதே. குளோவர் மிகுந்த நிலத்தில் ஆண்டுதோறும் மேய்ந்த பெட்டை ஆடுகளில் சினைபிடிக்கும் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மந்தைகளில் நூறு பெட்டைகளுக்கு முப்பது குட்டிகள்கூடக் கிடைக்கவில்லை. சினையான ஆடுகளிலும் சிக்கல்கள் இருந்தன. ஈனும் வேளையில் கருப்பை போதிய வலிமையுடன் சுருங்காததால் குட்டி வெளிவராமல் தாயும் குட்டியும் இறந்தன. கருப்பை வெளித்தள்ளுதலும் வழக்கத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அறுத்துப் பார்த்தபோது கருப்பையின் உட்சுவர் தடித்து, சிறுசிறு நீர்க்கட்டிகள் நிறைந்திருந்தது.

ஆனால் காரணத்தை நோக்கி வழிகாட்டியவை பெட்டை ஆடுகள் மட்டுமல்ல. ஒருமுறையும் சினையாகாத இளம் பெட்டைகளுக்கு மடி பெருத்துப் பால் சுரந்தது. அதைவிட வியப்பாக, உரோமத்துக்காக வளர்க்கப்பட்ட காயடித்த கிடாக்களுக்கும் காம்பு நீண்டு பால் போன்ற நீர் சுரந்தது. அவற்றுள் சில, சிறுநீர்க்குழாயை ஒட்டியுள்ள சுரப்பிகள் வீங்கிக் குழாயை அடைத்ததால் சிறுநீர் கழிக்க முடியாமல் இறந்தன. சூலகம் இல்லாத ஒரு விலங்கில், விரையும் நீக்கப்பட்ட நிலையில், பெண்பால் இயக்குநீரின் அடையாளங்கள் தோன்றுமானால் அந்த இயக்குநீர் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வயிற்றுக்குள் சென்றது தீவனம் ஒன்றே.

ஆய்வாளர்களின் பின்புலமும் இங்கே குறிப்பிடத்தக்கது. பென்னெட்ஸ் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண்மைத் துறையின் கால்நடை நோய்க்கூற்று வல்லுநர். ஆட்டுக்குட்டிகளின் பின்னங்கால் தள்ளாடும் நோய் தாயின் தீவனத்தில் தாமிரம் குறைவதால் வருவது என்பதை 1937இல் அவரும் சாப்மனும் காட்டியிருந்தனர். அண்டர்வுட் மண்ணிலும் தீவனத்திலும் உள்ள நுண்தனிமங்களை ஆராய்ந்தவர். ஆடுமாடுகள் மெலிந்து மாயும் ஒரு நோய்க்குக் கோபால்ட் பற்றாக்குறையே காரணம் என்று ஃபில்மருடன் சேர்ந்து 1930களில் நிறுவியவர். நோயைக் கண்டதும் கிருமியை மட்டும் தேடாமல், ஆடு தின்பதையும் பார்க்கும் பழக்கம் இருவருக்கும் முன்பே இருந்தது எனலாம்.

வேதிப்பொருளைத் தேடல்

1948இல் கர்னோ, ராபின்சன், அண்டர்வுட் ஆகியோர் குளோவரிலிருந்து பிரித்தெடுத்த சாற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டு என்று காட்டினர். 1951இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி, வைட் இருவரும் இச்செடியிலிருந்து ஜெனிஸ்டீன், ஃபார்மோனோநெட்டின் என்னும் இரு பொருட்களைத் தனித்தெடுத்தனர். இரண்டும் ஐசோஃபிளவோன் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பயோக்கானின்-ஏ என்னும் மற்றொன்றும் இச்செடியில் உண்டு.

இவற்றுள் எது குற்றவாளி? அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் தன்மையை அளக்க வழக்கமாகப் பயன்பட்டது சுண்டெலி. பருவமடையாத பெண் சுண்டெலிக்குப் பொருளைக் கொடுத்து, சில நாட்களில் அதன் கருப்பை எவ்வளவு எடை கூடியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இச்சோதனையில் ஜெனிஸ்டீன் தெளிவாகச் செயல்பட்டது. ஃபார்மோனோநெட்டின் ஏறக்குறையச் செயலற்றதாக இருந்தது. ஆகவே ஜெனிஸ்டீனே காரணம் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது.

சோதனை சரியாகவே செய்யப்பட்டது; விடையும் சுண்டெலியைப் பொறுத்தவரை சரியே. கேள்வி சுண்டெலியைப் பற்றியது அன்று என்பதுதான் சிக்கல். புதிய குளோவர் வகைகளை உருவாக்குவோர் இதை நம்பி ஜெனிஸ்டீன் குறைந்த செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், பல ஆண்டு உழைப்புக்குப் பின்னும் நோய் அப்படியே இருந்திருக்கும்.

திருப்பம் 1960களின் நடுவில் வந்தது. மில்லிங்டன், ஃபிரான்சிஸ், மெக்கியோன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வில் சோதனை விலங்காக ஆட்டையே பயன்படுத்தினர். குளோவரின் ஒன்பது வகைகளைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றிலும் காயடித்த கிடாக்களை மேயவிட்டு, அவற்றின் காம்பு எவ்வளவு நீண்டது என்று அளந்தனர். காம்பை அளக்க அளவுகோல் தவிர வேறு பெரிய கருவி வேண்டாத முறை இது. காம்பின் நீட்சி, இலையிலுள்ள ஜெனிஸ்டீன் அளவோடு பொருந்தவில்லை. சுண்டெலிச் சோதனையில் ஒதுக்கப்பட்ட ஃபார்மோனோநெட்டினோடு பொருந்தியது. துவால்கனப், யார்லூப், டின்னினப் ஆகிய மூன்று வகைகளும் தீங்கு மிகுந்தவை என்று தெரியவந்தது.

முதல் இரைப்பையில் நிகழ்வது

சுண்டெலிக்கும் ஆட்டுக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? ஆடு அசைபோடும் விலங்கு. அது தின்னும் இலை, செரிமான நீர் சுரக்கும் உண்மையான இரைப்பையை அடையுமுன் ரூமென் எனப்படும் பெரிய முதல் அறையில் பல மணிநேரம் தங்குகிறது. அங்கே எண்ணற்ற பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் இலையை நொதிக்கச் செய்கின்றன. ஆட்டின் இரத்தத்தில் சேர்வது செடியில் இருந்த பொருள் அன்று; நுண்ணுயிர்கள் விட்டுவைத்த பொருள்.

ஜெனிஸ்டீன் ரூமெனை அடைந்ததும் நுண்ணுயிர்கள் அதன் வளையத்தைப் பிளந்து பாரா-எத்தில்ஃபீனால் என்னும் பொருளாக மாற்றுகின்றன. இதற்கு ஈஸ்ட்ரோஜன் தன்மை இல்லை. பயோக்கானின்-ஏ முதலில் ஜெனிஸ்டீனாகி, பின் அதே வழியில் செயலிழக்கிறது. ஃபார்மோனோநெட்டினுக்கு நேர்வது இதற்கு மாறானது. நுண்ணுயிர்கள் அதன் மெத்தில் தொகுதி ஒன்றை நீக்கி டைட்ஸீன் ஆக்குகின்றன. பின்பு டைட்ஸீனை ஒடுக்கி ஈக்குவால் ஆக்குகின்றன. ஈக்குவால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் பொருந்தக்கூடியது. அதாவது ஒரே நுண்ணுயிர்க் கூட்டம் நச்சான பொருளை நச்சற்றதாகவும், நச்சற்றதை நச்சாகவும் மாற்றுகிறது. குளோவரில் புதிதாக மேயவிடப்பட்ட ஆட்டில் முதல் சில நாட்கள் ஜெனிஸ்டீனும் முழுமையாகச் சிதைவதில்லை. நுண்ணுயிர்கள் பழகிய பிறகே அந்தச் சிதைவு விரைவுபெறுகிறது.

செம்மறியாட்டில் ஈக்குவாலின் முதன்மைப் பங்கை 1968இல் ஷட், பிரேடன் இருவரும் எடுத்துக்காட்டினர். இப்பொருள் அப்போது புதிதன்று. 1932இலேயே மரியன், ஹேசில்வுட் ஆகியோர் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தனர். குதிரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது.

உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் ஈக்குவால் மிக வலிமை குன்றியது. அப்படியானால் இவ்வளவு தீங்கு எப்படி? அளவைக் கணக்கிட்டால் புரியும். இலையின் உலர் எடையில் ஒரு விழுக்காடு ஃபார்மோனோநெட்டின் உள்ளது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர் பொருள் தின்னும் ஆட்டின் வயிற்றுக்குள் 10 கிராம் செல்கிறது. உடல் தானே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனோ ஒரு கிராமின் மிக நுண்ணிய பின்னமே. வலிமைக் குறைவை அளவு ஈடுசெய்துவிடுகிறது, அதுவும் மாதக்கணக்கில்.

நிலைத்த மலட்டுத்தன்மை

குளோவர் நோயில் இருவகை மலட்டுத்தன்மை உண்டு. இனச்சேர்க்கைக் காலத்தில் பச்சைக் குளோவரை மேயும் ஆட்டில் தோன்றுவது தற்காலிகமானது. ஆட்டை வேறு நிலத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் சரியாகிவிடும். மற்றொன்று நிலையானது. உண்மையான இழப்பு இதனால்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மழை பெய்வது குளிர்காலத்தில். குளோவர் அப்போது பசுமையாக இருந்து, கோடையில் காய்ந்துவிடும். காயும்போது செடியிலுள்ள ஃபார்மோனோநெட்டினும் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கிடாக்களைப் பல பண்ணைகளில் கோடையில்தான் சேர்ப்பார்கள். அவ்வேளையில் பெட்டைகள் தின்பது காய்ந்த தீவனம். அப்படியிருந்தும் அவை சினைபிடிக்கவில்லை. முந்தைய ஆண்டுகளின் பச்சை மேய்ச்சல் அவற்றின் உடலில் மாறாத தடம் ஒன்றைப் பதித்துவிட்டது என்பதே பொருள்.

அந்தத் தடம் இருப்பது கருப்பை வாயில். ஆட்டின் கருப்பை வாய் குறுகிய, மடிப்புகள் நிறைந்த பாதை. சினைப்பருவத்தில் அது கெட்டியான, இழையாக நீளும் சளியைச் சுரக்கும். விந்தணுக்கள் அச்சளியில் தங்கி, சிறிது சிறிதாகக் கருப்பைக்குள் செல்லும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ் என்பவர் மேற்கொண்ட ஆய்வுகள், பாதிக்கப்பட்ட ஆடுகளில் கருப்பை வாயின் திசு கருப்பையின் திசுவைப் போல மாறிவிடுவதைக் காட்டின. கருவில் வளரும்போது கருப்பையும் கருப்பை வாயும் ஒரே குழாயிலிருந்து பிரிந்து உருவாகின்றன. வளர்ந்த விலங்கில் அப்பிரிவு முடிந்துபோன செயல் என்பதே பொதுவான கருத்து. செம்மறியாட்டிலோ நீண்டகால ஈஸ்ட்ரோஜன் தாக்கம் வளர்ந்த பின்னும் அதைக் குலைக்க முடிகிறது. மாறிய திசு சுரக்கும் சளி நீர்த்துப்போகிறது. விந்தணு தங்க இடமில்லை.

இத்தகைய ஆடு பார்வைக்கு முழு நலத்துடன் இருக்கும். பருவத்துக்கு வரும், கிடாவை ஏற்கும், சூல் முட்டையும் வெளியாகும். கருத்தரிப்பு மட்டும் நிகழாது. உயிருள்ள ஆட்டை வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டறிவது கடினம். அறுத்த பின் கருப்பை வாயின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்கிறார்கள். பாதிப்பு மிதமாக உள்ள பண்ணையில் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்குத் தொண்ணூறு குட்டி கிடைக்க வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து கிடைத்தால், வறட்சி, நரி, கிடாவின் வயது என்று வேறு பல காரணங்கள் கைவசம் இருக்கும். புல்லின் மேல் ஐயம் வராது.

கிடாக்களின் கருவளத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை. மாடுகளின் ரூமெனிலும் ஈக்குவால் உண்டாகிறது. எனினும் அவை செம்மறியாட்டைவிட மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன.

கட்டுப்படுத்துதல்

கருப்பை வாய் மாறிவிட்ட ஆட்டைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே தடுப்பே வழி. தீங்கு மிகுந்த குளோவர் உள்ள நிலத்தில் பச்சைக்காலத்தில் இளம் பெட்டைகளை விடாமல், இனப்பெருக்கத்துக்கு வைத்திராத ஆடுகளையோ மாடுகளையோ விடுவது ஒரு முறை. புல்வகைகளைக் கலந்து வளர்த்து குளோவரின் பங்கைக் குறைப்பது மற்றொன்று. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் இலையில் ஐசோஃபிளவோன் அளவு கூடுகிறது என்பதால் உரமிடுதலும் பயன்தரும்.

நிலையான தீர்வு ஃபார்மோனோநெட்டின் குறைந்த வகைகளுக்கு மாறுவதே. காம்பு அளக்கும் சோதனையும், இலைச்சாற்றில் இப்பொருளை விரைந்து மதிப்பிடும் வேதிமுறைகளும் வந்தபின், வகைத்தேர்வில் இது கட்டாய அளவுகோலாயிற்று. யார்லூப்புக்கு மாற்றாக டிரிக்கலா வகையும், துவால்கனப்பின் இடத்துக்கு டால்கீத் போன்ற வகைகளும் வெளியிடப்பட்டன. இன்றைய வகைகளில் ஃபார்மோனோநெட்டின் உலர் எடையில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆயினும் நோய் மறைந்துவிடவில்லை. முன்பு கூறிய கடினத் தோல் விதைகள் மண்ணில் காத்திருக்கின்றன. புதிய வகையை விதைத்த நிலத்திலும் சில ஆண்டுகளில் பழைய துவால்கனப்போ டின்னினப்போ மீண்டும் தலைதூக்குகிறது. தெற்கு ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் அண்மையில் நடந்த ஆய்வுகளிலும் இப்பழைய வகைகள் காணப்பட்டுள்ளன. இலையிலுள்ள தழும்புகளையும் தண்டின் மயிரையும் கொண்டு வகையைப் பிரித்தறியும் திறமை முந்தைய தலைமுறை உழவரிடம் இருந்தது. கடுமையான பாதிப்பைப் பார்த்திராத இத்தலைமுறையில் அது அருகிவருகிறது.

பிற தீவனப் பயிர்கள்

சிவப்புக் குளோவரிலும் ஃபார்மோனோநெட்டின் உண்டு. நியூசிலாந்தில் அதனால் செம்மறியாடுகளில் சினைக் குறைவு ஏற்பட்டு, அப்பொருள் குறைந்த வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெள்ளைக் குளோவரில் இது பொதுவாகச் சிக்கலன்று.

தமிழ்நாட்டில் நிலத்தடிக் குளோவர் மேய்ச்சல் பயிராக இல்லை. ஆனால் இங்குத் தீவனமாகப் பயிரிடப்படும் குதிரைமசாலில் கூமெஸ்ட்ரால் என்னும் வேறொரு தாவர ஈஸ்ட்ரோஜன் உள்ளது. 1957இல் பிக்காஃப் குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். நலமான செடியில் இதன் அளவு மிகக் குறைவு. இலைப்புள்ளி போன்ற பூஞ்சை நோயோ அசுவினியோ தாக்கும்போது, செடியின் எதிர்வினையாக அளவு பன்மடங்கு உயர்கிறது. அத்தகைய தீவனத்தை இனச்சேர்க்கைக் காலத்தில் தின்னும் செம்மறியாடுகளில் வெளியாகும் சூல் முட்டைகளின் எண்ணிக்கை குறைந்து, இரட்டைக் குட்டிகள் அருகுகின்றன. தீவனத்தை மாற்றினால் இது சரியாகக்கூடியது. இதனால் குதிரைமசாலைக் கைவிட வேண்டியதில்லை. புள்ளி விழுந்த இலையைக் கிடா சேர்க்கும் வாரங்களில் பெட்டைகளுக்குப் போடாதிருந்தால் போதும்.

மனிதரும் பிற விலங்குகளும்

1982இல் மனிதரின் சிறுநீரிலும் ஈக்குவால் இருப்பது கண்டறியப்பட்டது. சோயா மொச்சையில் உள்ள டைட்ஸீனைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் இது உண்டாகிறது. எல்லோருடைய குடலிலும் அந்த மாற்றம் நிகழ்வதில்லை. ஒரே அளவு சோயா உண்ட இருவருள் ஒருவர் உடலில் ஈக்குவால் இருக்கும், மற்றவரிடம் இராது. சோயாவின் நன்மை தீமைகள் குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சோயா உண்பவருக்குக் குளோவர் நோய் வரும் என்று இதற்குப் பொருள் அன்று. மனிதருக்கு ரூமென் இல்லை. உண்ணும் அளவும் ஒப்பிட இயலாத அளவு குறைவு.

1987இல் செட்செல் குழுவினர், வட அமெரிக்க விலங்குக் காட்சியகங்களில் சிவிங்கிப்புலிகள் இனப்பெருக்கம் செய்யாமைக்கும் கல்லீரல் நோய்க்கும் அவற்றின் உணவில் சேர்க்கப்பட்ட சோயா ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினர். செடிகள் தம்மை மேயும் விலங்குகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவே இப்பொருட்களைச் செய்கின்றன என்ற கருதுகோளும் உண்டு. ஆனால் ஐசோஃபிளவோன்கள் செடிக்குள்ளேயே பூஞ்சை எதிர்ப்பிலும் வேர்முடிச்சுப் பாக்டீரியாவுடனான உறவிலும் பங்கு கொள்வதால், ஆட்டுக்கு நேர்ந்தது பக்கவிளைவே என்று கருதுவோரும் உளர்.